கை ஓய்ந்த பிறகு



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் ஆடிய ஆட்டமும் நமக்குப் பழக்கப்பட்டதன்று. ரிங்கு சிங் என்பது அவருடைய பெயர். இந்தியக் கிரிக்கெட் அணியில் இதே பெயரில் ஒரு துடுப்பாட்ட வீரர் இருக்கிறார். நான் சொல்பவர் வேறொருவர். உத்தரப் பிரதேசத்தில், கம்பள நெசவுக்குப் பேர்போன பதோஹி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1988ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்கர்களின் ஆட்டமான பேஸ்போலில், சம்பளத்துக்குப் பந்தெறிந்த முதல் இந்தியர்கள் இருவரில் ஒருவர்.

இலக்கிய நிகழ்ச்சியில் இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. விளையாட்டு வீரர்களைப் பற்றிய கதைகள் அநேகமாக எல்லாமே கிண்ணத்தைத் தூக்கிப் பிடிப்பதோடு முடிந்துவிடுகின்றன. ரிங்கு சிங்கின் கதையும் திரைப்படமாக வந்து அப்படியே முடிந்தது. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு அந்த மனிதர் பல வருடங்கள் வாழ்ந்திருக்கிறார், இன்னும் வாழ்கிறார். கதை சொல்பவர்கள் கைவிட்ட அந்தப் பகுதியைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். சப்ரகமுவத் தோட்டப்புறத்தைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு என்பது என் எண்ணம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்தவர்களுக்கு பேஸ்போலை விளக்குவது அவ்வளவு சிரமமில்லை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கிராமத்து வெளிகளில் எல்லே ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தடியால் பந்தை அடித்துவிட்டு, நிலைகளைத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடிவர வேண்டும். பேஸ்போல் அதற்கு உறவுமுறையான ஆட்டம்தான். பெரிய வித்தியாசம் பந்தை எறிபவரிடம் இருக்கிறது. அவர் ஒரு சிறு மண்மேட்டில் நின்று, ஏறத்தாழ பதினெட்டரை மீற்றர் தூரத்தில் நிற்கும் துடுப்பாளரை நோக்கி, பந்து நிலத்தில் படாமல் நேராக வீசுகிறார். முழங்கை மடிந்து விரிகிறது. கிரிக்கெட்டில் "எறிகிறான்" என்று நாம் குற்றஞ்சாட்டும் செயல்தான் அங்கே அவருடைய தொழில்.

இந்த எறிதல் என்ற சொல் நமக்கு வேதனையான ஒரு நினைவையும் கொண்டுவரும். தேயிலைத் தோட்டத்துக்கு உழைக்க வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரனை, 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில், எறிகிறார் என்று சொல்லி நடுவர் திரும்பத் திரும்பத் தடுத்தார். அவருடைய கையைப் படம் பிடித்து, அளந்து, ஆராய்ந்தார்கள். எந்தப் பந்துவீச்சாளரும் முழங்கையைப் பதினைந்து பாகை வரை விரிக்கலாம் என்று 2005இல் விதி திருத்தப்பட்டது. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்துவிட்டு அவர் விடைபெற்றார். முரளியின் கையை விட்டுவிடாமல் அளந்தது கிரிக்கெட் உலகம். அதே காலத்தில், நன்றாக எறியக்கூடிய கைகளைத் தேடி வேறொரு கூட்டம் இந்தியாவுக்கு வந்தது.

ஜே. பி. பேர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் கிரிக்கெட் பந்தை வீசுகிறார்களே, அவர்களிடையே பேஸ்போலுக்கு ஏற்ற கை இல்லாமலா போகும் என்பதுதான் அது. 2008ஆம் ஆண்டு போட்டி ஒன்றை நடத்தினார்கள். அதன் பெயரே 'மில்லியன் டொலர் ஆர்ம்', பத்து இலட்சம் டொலர் கை. முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள். வேகத்தை அளக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ரிங்கு சிங் முதலிடம் பெற்றார். தினேஷ் பட்டேல் என்பவர் இரண்டாமவர். பத்து இலட்சம் டொலர் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ரிங்குவுக்கு ஒரு இலட்சம் டொலர் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால் இருவருமே கிரிக்கெட் வீரர்கள் அல்லர். ஈட்டி எறிபவர்கள். பேஸ்போல் என்றால் என்னவென்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. முழங்கையை நேராக வைத்திருக்கப் பழகிய கைகளை விட, ஈட்டியை எறிந்து பழகிய கைகளே அந்த ஆட்டத்துக்குப் பொருந்தின. ரிங்குவின் தந்தை லொறிச் சாரதி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வீடு ஒரே அறை. ஒற்றை அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வது எப்படி என்று லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எனக்கு நம் தோட்டங்களின் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போனதும் கைகளைத் தேடித்தானே? ஆனால் இந்த ஒப்பீட்டை அதிக தூரம் இழுக்கக்கூடாது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. ரிங்குவும் தினேசும் கடன்பட்டு அமெரிக்கா போகவில்லை. போட்டியில் வென்று, தாமே விரும்பிப் போனார்கள். ஒற்றுமை ஒன்றே ஒன்றுதான். ஒரு மனிதனிடம் என்னென்னவோ இருக்க, கையை மட்டும் பிரித்தெடுத்து அளந்து அதற்கு விலை சொல்வது. கொழுந்து மடுவத்துத் தராசு செய்யும் வேலையைத்தான் அந்த வேகக் கருவியும் செய்தது. என். எஸ். எம். இராமையாவின் புகழ்பெற்ற சிறுகதையின் தலைப்பு 'ஒரு கூடைக் கொழுந்து'. மலையக வாழ்வில் ஆளின் திறமை எதனால் அளக்கப்படுகிறது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

லொஸ் ஏஞ்சலிஸில் ரொம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் இருவரும் சில மாதங்கள் பயின்றார்கள். பந்தெறிய மட்டுமல்ல, ஆங்கிலம் பேசவும், அந்த நாட்டில் வாழவும் சேர்த்தே கற்றார்கள். அந்நாட்களில் தங்கள் அன்றாட அனுபவங்களை, அப்போதுதான் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், இணையத்தில் எழுதியும் வந்தார்கள். இலக்கணம் தடுமாறும் எழுத்து. ஆனால் பிறர் அவர்களைப் பற்றி எழுதிய எதையும் விட, புதிய நாட்டைக் கண்ட வியப்பு அதில்தான் நேராக வெளிப்பட்டது. மற்றவர்கள் கையைப் பற்றி எழுதினார்கள். கைக்குரியவர்கள் தங்களைப் பற்றி எழுதினார்கள். மலையகத்தின் எழுத்துத் தொடங்கிய விதமும் இதற்கு ஒத்ததே. சி. வி. வேலுப்பிள்ளை தம் கவிதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது, தோட்டத்துக் குரல் வேற்று மொழி வழியாகத்தான் வெளியுலகுக்குப் போனது.

2008ஆம் ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் என்ற கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. திரைப்படக்காரர்களுக்குக் கதை இங்கே முடிகிறது. உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் கழகம் ஒருவரை ஒப்பந்தம் செய்தால், மறுநாளே அவர் பெரிய மைதானத்தில் ஆடுவார் என்று எண்ணிவிடக்கூடாது. கீழே பல படிகள் உண்டு. மைனர் லீக் என்பார்கள். சிறு நகரங்கள், நீண்ட பேருந்துப் பயணங்கள், சொற்பச் சம்பளம். ஒவ்வொரு படியிலும் பலர் கழிக்கப்படுவார்கள். மிகப் பெரும்பாலானோர் மேல் படியைக் காண்பதேயில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலையில், புளோரிடாவில், மிகக் கீழ்ப்படி ஒன்றில் ரிங்கு தன் முதல் ஆட்டத்தை ஆடினார். அதே மாதத்தில் ஓர் ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் பதிவாயிற்று. பேஸ்போலில் அணி வென்றால், அந்த வெற்றியை ஒரு பந்தெறிவீரரின் கணக்கில் எழுதுவார்கள். நம் தோட்டத்து வழக்கில் சொன்னால், அன்றைக்கு அவருக்குப் பெயர் விழுந்தது.

2010இன் முடிவில் தினேஷ் பட்டேலைக் கழகம் விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு தனியாகத் தொடர்ந்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போய் கன்பராவிலும் ஒரு பருவம் ஆடினார். 2012ஆம் ஆண்டு மேற்கு வேர்ஜீனியாவில் 39 ஆட்டங்களில் பந்தெறிந்தார். ஒன்பது இனிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு சராசரியாக மூன்று ஓட்டங்கள்தான் கொடுத்தார். அந்தப் படியில் அது நல்ல கணக்கு. நான்கு வருடங்களுக்கு முன் அந்தப் பந்தைத் தொட்டே அறியாத ஒருவருக்கு அது மிகப் பெரிய காரியம். அவருக்கு அப்போது வயது 24.

அதன் பிறகு கை போயிற்று.

இதைச் சற்று விளக்க வேண்டும். பந்தை அத்தனை வேகத்தில் எறியும்போது முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு தசைநார் பெரும் இழுவையைத் தாங்குகிறது. நாளடைவில் அது நைந்து அறுகிறது. முன்பெல்லாம் அத்தோடு ஆட்டக்காரரின் வாழ்வு முடிந்துவிடும். 1974இல் பிராங்க் ஜோப் என்ற வைத்திய நிபுணர், ரொமி ஜோன் என்ற ஆட்டக்காரருக்கு, உடலின் வேறோர் இடத்திலிருந்து நாண் எடுத்து முழங்கையில் பொருத்தினார். அவர் தேறி வந்து 1989 வரை ஆடினார். அந்தச் சிகிச்சைக்கு நோயாளியின் பெயரே நிலைத்துவிட்டது. ரிங்குவுக்கும் அதுதான் செய்யப்பட்டது. 2013இல் ஆடவில்லை. 2014இலும் ஆடவில்லை. தேறுவதும் மீண்டும் நோவு வருவதுமாக 2016 வரை பருவங்கள் கழிந்தன. மேல் படியை அவர் எட்டவேயில்லை.

இப்போது திகதிகளைக் கவனியுங்கள். டிஸ்னி நிறுவனம் எடுத்த 'மில்லியன் டொலர் ஆர்ம்' திரைப்படம் 2014ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. கிரெய்க் கில்லெஸ்பி இயக்கிய அப்படத்துக்கு நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தார். தெரிவின்போது பந்து சீறிப் பாய்கிறது, ஒப்பந்தம் கைகூடுகிறது, படம் நிறைவாக முடிகிறது. திரையரங்குகளில் மக்கள் அந்த வெற்றியைப் பார்த்து மகிழ்ந்த வேளையில், அந்த வெற்றிக்குரியவர் தன் இடது கையை மடக்கவும் நீட்டவும் மீண்டும் பழகிக்கொண்டிருந்தார். படம் பொய் சொல்லவில்லை. காட்டியதன் சாரம் நடந்ததுதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்ற தீர்மானத்தில் ஒரு வகைப் பொய் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு தற்செயலையும் சொல்ல வேண்டும். அப்படத்தில் தினேஷ் பட்டேலாக நடித்தவர் மதுர் மிட்டல். 2023இல் தமிழில் வெளிவந்த '800' திரைப்படத்தில் முத்தையா முரளிதரனாக நடித்தவரும் அவரே. எறிவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட கைக்கும், எறிகிறது என்று பழிக்கப்பட்ட கைக்கும் ஒரே நடிகர் உருவம் கொடுத்திருக்கிறார். முரளியின் படத்துக்குத் தலைப்பு ஓர் எண்தான் என்பதையும் கவனியுங்கள். அளவுகோல் நம்மை விடுவதில்லை.

சரி, ரிங்கு சிங் பிறகு என்ன ஆனார்? பேஸ்போலை விட்டுவிட்டு மல்யுத்தத்துக்குப் போனார். 2018 ஜனவரியில், தொலைக்காட்சியில் உலகெங்கும் பார்க்கப்படும் அமெரிக்கக் காட்சி மல்யுத்த நிறுவனமான டபிள்யூ. டபிள்யூ. ஈ. அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே பெயரும் மாறிற்று. பின்னர் 'வீர் மகான்' ஆனார். நீண்ட முடி, தாடி, நெற்றியில் திருநீற்றுப் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம். ஒரு காலத்தில் அமெரிக்கர்களுக்கு அவருடைய கை தேவைப்பட்டது. இப்போது அவருடைய தோற்றம் தேவைப்பட்டது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமும் அவரை விடுவித்தது. மறுவருடம் அவர் விருந்தாவனத்தில், பிரேமானந்த மகராஜ் என்ற துறவியின் ஆசிரமத்தில் தொண்டு செய்கிறார் என்று இந்தியச் செய்தித்தாள்கள் படங்களோடு எழுதின.

நேயர்களே, இந்த வாழ்க்கையை இரண்டு விதமாக எளிதில் எழுதிவிடலாம். ஏழைப் பையன் வென்றான் என்று ஒரு விதம். அது திரைப்படக் கதை. பயன்படுத்திவிட்டு எறிந்துவிட்டார்கள், பாவம் என்பது மற்ற விதம். முற்போக்கு எழுத்தில் நாம் பழகிப்போன கதை அது. இரண்டும் சோம்பேறித்தனமான கதைகள் என்றே சொல்வேன். ரிங்கு ஏமாற்றப்பட்டவர் அல்லர். தெரியாத ஆட்டம் ஒன்றைக் கற்று, அதில் தேர்ச்சி பெற்று, கை அறுந்த பின்னும் வருடக்கணக்கில் திரும்பிவர முயன்று, முடியாதபோது முப்பது வயதை நெருங்கும் நேரத்தில் இன்னொரு தொழிலை முதலிலிருந்து கற்றார். அதுவும் முடிந்த பிறகு தனக்கென ஒரு வழியைத் தேடினார். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இரண்டு சொல்லுக்கும் இதில் அடங்காத மிச்சம் நிறைய இருக்கிறது. அந்த மிச்சம்தான் இலக்கியத்தின் பங்கு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலையக இலக்கியம் என்றவுடன் நினைவுக்கு வருவது தேயிலை மலை, பனி, கொழுந்துக் கூடை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இறக்குவானைப் பக்கங்களில் இறப்பர் மலைகளும் இருக்கின்றன. அங்கேயும் நம் மக்கள் தலைமுறைகளாக உழைத்திருக்கிறார்கள். தேயிலையைப் பற்றி எழுதப்பட்டதோடு ஒப்பிட்டால், பால்வெட்டுபவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

பால்வெட்டும் கையும் ஒரு வீரரின் கைதான். விடியுமுன் மலை ஏற வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சாய்வாக, மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். ஒரு காலையில் ஏறத்தாழ முந்நூறு மரங்கள். குறித்த அளவு பால் வராவிட்டால் அரைப்பெயர். மழை பெய்தால் அந்தப் பெயரும் இல்லை. மணிக்கட்டின் அந்த நுண்ணிய அசைவை முப்பது நாற்பது வருடங்கள் செய்தவர்களுக்கு என்ன ஆகிறது? 55 வயதில் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் யாராவது கேட்டிருக்கிறோமா?

நான் ஒரு பெரியவரிடம் கேட்டேன். வலது கை விரல்கள் முழுதாக விரியாது. தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடிப்பார். அவர் சொன்னார்: "மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு குடுத்தாங்க தம்பி. கைக்கு யாரு குடுத்தா?"

அது உண்மை. மரம் கெட்டுவிடக்கூடாதென்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அதை வெட்டுவார்கள். இடைப்பட்ட நாளில் அதே ஆள் அடுத்த மலையில் நிற்பார். அமெரிக்காவில் பந்தெறிவீரரின் கைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனை பந்து எறிந்தார், எத்தனை நாள் ஓய்வு என்று எழுதி வைக்கிறார்கள். அப்படிக் காத்தும் அது அறுகிறது. அறுந்தால் தைக்க வைத்தியர் உண்டு. நம் பெரியவரின் கைக்கு அந்தக் கணக்கும் கிடையாது, அந்த வைத்தியமும் கிடையாது. ஆனால் அவர் தன் கையைப் பற்றிப் பேசும்போது புலம்பவில்லை. எந்த மலையில் எந்த மரம் எப்படிப் பால் கொடுத்தது என்று, பழைய ஆட்டங்களை நினைவுகூரும் வீரரைப் போல், பெருமையோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுத வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இன்று தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். போனவன் வென்றான், அல்லது சீரழிந்தான் என்பதோடு கதையை முடித்துவிடாதீர்கள். திரும்பி வந்தவன் மறுநாள் காலையில் என்ன செய்தான் என்று எழுதுங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஈட்டி எறிந்து சான்றிதழ் வாங்கிய பிள்ளை, நாற்பது வயதில் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்த்து எழுதுங்கள். கத்தியை வைத்துவிட்ட கை வேறு எதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது என்று எழுதுங்கள். கை உழைக்கும் வரை அதற்குத் தராசு உண்டு, துண்டு உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. கை ஓய்ந்த பிறகு அதற்குக் கணக்கு வைக்க எழுத்தாளனைத் தவிர வேறு யாருமில்லை.